சூர்யகிரண் கதையும் ஒரு சின்ன ஸ்க்ரூவும்



என்னோட பென்சில் பவுச்ல பத்து மாசமா ஒரு ஸ்க்ரூ இருந்தது. ரெண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ. கீழே விழுந்தா தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சின்னது. எக்ஸாம் ஹால்ல பேனா எடுக்கும்போதெல்லாம் அது விரல்ல தட்டுப்படும். தட்டுப்படும்போதெல்லாம் வயித்தைப் பிசையும்.

இந்தக் கட்டுரை அந்த ஸ்க்ரூவைப் பத்தினதுதான். ஆனா நேரா அதைச் சொன்னா, "இதுக்குப் போயி இவ்வளவு சீனா?"ன்னு நீங்க கேப்பீங்க. அதனால முதல்ல ஒன்பது விமானங்களோட கதையைச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளம்தான். மெஸ் க்யூவுல நிக்கும்போது ஆரம்பிச்சீங்கன்னா சாப்பாட்டுத் தட்டு கைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

"இடிச்சிக்காதா தம்பி?"

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையோட 92-ஆவது ஆண்டையொட்டி சென்னை மெரினாவுல ஏர் ஷோ. நம்ம காலேஜ் ஏரோ கிளப்ல இருக்கிறவன் போகாம இருக்க முடியுமா? சனிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூர்ல ரயில் ஏறினோம். ரிசர்வேஷன் கிடையாது. சென்னை வரைக்கும் கதவோரம் நின்னுக்கிட்டே போனோம்.

காலையில எட்டரை மணிக்கே மணல் முழுக்கத் தலை. பதினோரு மணிக்கு ஷோ ஆரம்பிச்சது. ரஃபேல் வந்தது, சுகோய் வந்தது, நம்ம சூலூர் பக்கம் அடிக்கடி பார்க்கிற தேஜஸும் வந்தது. சாரங் ஹெலிகாப்டர்களைப் பார்த்ததும் எங்க மூணு பேருக்கும் ஒரே கத்தல். சாரங் டீமோட வீடு சூலூர்தானே! ஹாஸ்டல் மொட்டை மாடியில துணி காயப்போடும்போது தூரத்துல அவங்க பிராக்டீஸ் பண்ற சத்தம் கேட்டு வளர்ந்தவங்க நாம. மெரினாவுல பார்த்தப்ப சொந்த ஊர்க்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் சூர்யகிரண். சிவப்பும் வெள்ளையுமா ஒன்பது ஹாக் விமானங்கள், கடல் பக்கத்துல இருந்து ஒரே துண்டா வந்தது. தனித்தனி விமானம்னு கண்ணுக்குத் தெரியறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. பக்கத்துல மாங்கா பத்தை வித்துக்கிட்டிருந்த ஒரு அக்கா, மிளகாய்ப்பொடி டப்பாவைக் கையில பிடிச்சபடியே அண்ணாந்து பார்த்துட்டுக் கேட்டாங்க: "இதுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்காதா தம்பி?"

நான் பெரிய எக்ஸ்பெர்ட் மாதிரி, "இடிக்காதுக்கா, எல்லாம் நல்லா பிராக்டீஸ் பண்ணிட்டுத்தான் வருவாங்க"ன்னு சொன்னேன்.

திரும்பி வர்ற வழி ஒரு தனிக் கதை. தண்ணி பாட்டில் காலி, போனுக்கு சிக்னல் இல்ல, வெயில் மண்டையைப் பிளக்குது, நகரவே இடமில்ல. எங்களுக்கு அது வெறும் களைப்பு. ரயில்ல உட்கார்ந்து போனைப் பார்த்தப்பதான், அன்னிக்கு ஏர் ஷோ பார்க்க வந்தவங்கள்ல ஐந்து பேர் இறந்துட்டாங்கன்னு தெரிஞ்சது. காலையில வரும்போது விடாம பேசிக்கிட்டு வந்த நாங்க அப்புறம் ஈரோடு தாண்டுற வரைக்கும் எதுவும் பேசல.

தூக்கம் வரல. அந்த அக்கா கேட்ட கேள்வியைத் தேடிப் பார்த்தேன். இடிச்சிருக்கு. நான் அவங்களுக்குச் சொன்ன பதில் தப்பு.

முதல்ல இடி, அப்புறம் கிரணம்

சூர்யகிரணுக்கு முன்னாடி நம்ம விமானப்படைக்கு இன்னொரு டீம் இருந்தது. பேரு தண்டர்போல்ட்ஸ். 1932-ல் தொடங்கின விமானப்படைக்கு 1982-ல் பொன்விழா. அதையொட்டி உருவானது இது. ஹாக்கர் ஹண்டர் விமானங்களுக்கு நீலமும் வெள்ளையும் அடிச்சு, ஒன்பது விமானமா பறந்தாங்க. 1971 போர்ல லோங்கேவாலாவுல எதிரி டாங்கிகளைத் தாக்கின அதே ரக விமானம். ஆனா எண்பதுகள்ல ஹண்டருக்கு வயசாயிடுச்சு. அந்தப் பத்தாண்டு முடியும்போது தண்டர்போல்ட்ஸும் முடிஞ்சது.

அப்புறம் சில வருஷம் ஒண்ணும் இல்ல. 1996-ல் விங் கமாண்டர் குல்தீப் மாலிக் தலைமையில, கர்நாடகாவுல இருக்கிற பீதர் விமானத் தளத்துல புது டீம் ஆரம்பமாச்சு. எந்த விமானத்தோடன்னு நினைக்கிறீங்க? மிக்? மிராஜ்? ரெண்டும் இல்ல. கிரண் மார்க்-2. அது போர் விமானம்னு சொல்றதை விட வகுப்பறைன்னு சொல்றதுதான் சரி. பெங்களூர்ல எச்.ஏ.எல். வடிவமைச்ச பயிற்சி ஜெட். முதல் கிரண் பறந்தது 1964-ல். ஆசிரியரும் மாணவரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிறதுக்காகச் செஞ்சது. டிரைவிங் ஸ்கூல் கார் மாதிரின்னு வெச்சுக்கோங்க. கிரண்ல பறக்கிறதால சூர்யகிரண்.

அது மட்டும் இல்ல, டீம்ல பறக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கத் தகுதி பெற்ற பயிற்றுநர்கள். அதாவது வாத்தியார்கள். ஒரு நாட்டோட பேரைச் சுமந்துக்கிட்டு வானத்துல வித்தை காட்டினது, வாத்தியார்கள் ஓட்டின பயிற்சி விமானங்கள்!

நம்ம ஊர்க்காரங்க பெருமைப்பட ஒரு விஷயம். சூர்யகிரணோட முதல் பொது நிகழ்ச்சி நடந்தது நம்ம கோயம்புத்தூர்லதான். 1996 செப்டம்பர் 15, ரெட்ஃபீல்ட்ஸ்ல இருக்கிற விமானப்படை நிர்வாகக் கல்லூரி விழா. அடுத்த மாசமே டெல்லியில விமானப்படை நாள். சின்னதா ஆரம்பிச்சு 1998-ல் ஒன்பது விமானம் ஆச்சு. 2001-ல் இலங்கை விமானப்படையோட 50-ஆவது ஆண்டுக்குக் கொழும்பு போய் வந்தாங்க. 2006-ல் 52-ஆவது ஸ்குவாட்ரன்ங்கிற முழு அந்தஸ்து கிடைச்சது.

ஐந்து மீட்டர்னா எவ்வளவு?

இப்ப கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ். ஓடிடாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

ஒன்பது விமானமும் நெருங்கிப் பறக்கும்போது பக்கத்து விமானத்துக்கு இடையில சுமார் ஐந்து மீட்டர்தான் இருக்கும். டவுன் பஸ்ஸோட நீளத்துல பாதி கூட இல்ல. மணிக்கு 500 கிலோமீட்டர்ல போறாங்கன்னு வெச்சா, ஒரு நொடிக்கு 139 மீட்டர். அந்த ஐந்து மீட்டரைக் கடக்க 0.036 நொடி போதும். கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

ஆனா இந்தக் கணக்கு பயமுறுத்தத்தான் உதவும். நிஜத்துல முக்கியமானது ஒப்பு வேகம். ரெண்டு விமானமும் ஒரே திசையில ஒரே வேகத்துல போனா, ஒண்ணுக்கொண்ணு நிக்கிற மாதிரிதான். அந்தப் பூஜ்ஜியத்தைக் காப்பாத்துறதுதான் வேலை. வித்தியாசம் நொடிக்கு ஒரு மீட்டர்னு வைங்க. மணிக்கு 3.6 கிலோமீட்டர். நாம கேன்டீனுக்கு நடக்கிறதை விட மெதுவு. அந்த வேகத்துல ஒருத்தர் பக்கத்து விமானத்தை நோக்கி நகர்ந்தா, ஐந்தே நொடியில இடைவெளி காலி. திரும்பும்போது இன்னும் சிக்கல். வெளிப்பக்கம் இருக்கிறவர் பெரிய வட்டம் போடணும், உள்பக்கம் இருக்கிறவர் சின்ன வட்டம். ஒருத்தர் திராட்டிலைக் கூட்டணும், இன்னொருத்தர் குறைக்கணும். பின்னாடி வர்றவங்க முன்னாடி போறவரோட எஞ்சின் காத்துல மாட்டாம, கொஞ்சம் கீழே தள்ளியே வரணும்.

இதையெல்லாம் எப்படிப் பார்த்துப் பண்றாங்க? பக்கத்து விமானத்துல ரெண்டு அடையாளத்தை எடுத்துக்குவாங்க. இறக்கை நுனியில ஒண்ணு, உடம்புல ஒண்ணுன்னு. அந்த ரெண்டும் எப்பவும் ஒரே கோட்டுல தெரியற மாதிரி தன் விமானத்தை வெச்சுக்கணும். அவ்வளவுதான். கீழே கடல் எங்க, தலைகீழா இருக்கமா நேரா இருக்கமா, தரை எவ்வளவு தூரம், எதையும் பார்க்கக் கூடாது. அதெல்லாம் லீடர் பொறுப்பு.

லீடரைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, லீடர் தன் எஞ்சினோட முழு பலத்தையும் எடுக்க மாட்டார். எடுத்தா, பின்னாடி தங்கினவங்க வந்து சேர மிச்ச பலம் இருக்காது. முன்னாடி போறவர் கொஞ்சம் அடக்கிப் போனாத்தான் ஒன்பதும் ஒண்ணா இருக்கும். ரெண்டாவது, லீடர் தப்பு பண்ணினாலோ, அவர் விமானத்துல ஏதாவது கோளாறு ஆனாலோ, பின்னாடி வர்றவங்களுக்கு அது தெரியாது. அவங்க பார்க்கிறது அவரைத்தானே.

அந்த ரெண்டாவது விஷயம் ஒரு தடவை நிஜமாவே நடந்தது. 1982 ஜனவரி 18, அமெரிக்காவுல நெவாடா பாலைவனம். தண்டர்பேர்ட்ஸ் டீமோட நாலு விமானம் பக்கத்துல பக்கத்துல லூப் போட்டு இறங்குது. லீடர் விமானத்துல வால் பக்கத்து ஸ்டெபிலைசர் சிக்கிக்கிச்சுன்னு பின்னாடி விசாரணை சொன்னது. அவரால மேலே தூக்க முடியல. மத்த மூணு பேரும் அவரையே பார்த்துப் பறந்தாங்க. நாலும் தரையில மோதிச்சு. நாலு பேரும் இறந்துட்டாங்க.

இதைப் படிச்சப்ப நான் போனைக் கவிழ்த்து வெச்சிட்டேன். வால் பக்கம், சிக்கின ஒரு பாகம், லீடர். காரணம் கடைசியில புரியும்.

இழப்பும் இடைவெளியும்

சூர்யகிரணோட கணக்கிலயும் இழப்பு இருக்கு. 2006 மார்ச்ல பீதர் பக்கத்துல பயிற்சியின்போது விங் கமாண்டர் தீரஜ் பாட்டியாவும் ஸ்குவாட்ரன் லீடர் ஷைலேந்தர் சிங்கும் இறந்தாங்க. 2009 ஜனவரியில விங் கமாண்டர் ஆர்.எஸ். தலிவால். 2019 பிப்ரவரி 19-ல், பெங்களூர் எலகங்காவுல ஏரோ இந்தியா தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, ஒத்திகையில ரெண்டு ஹாக் விமானங்கள் வானத்துலயே மோதிச்சு. ரெண்டு பேர் பாராசூட்ல தப்பிச்சாங்க. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துட்டார். மாங்கா அக்கா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான்.

ஆனா இந்த டீமோட கதையில என்னை ரொம்ப யோசிக்க வெச்சது விபத்து இல்ல. 2011.

அந்த வருஷம் பிப்ரவரியில ஏரோ இந்தியாவுல பறந்துட்டு, சூர்யகிரண் நின்னு போச்சு. ஏன்? புதுசா சேர்றவங்க முதல்ல கத்துக்கிற தீபக்ங்கிற எச்.பி.டி.-32 விமானத்தை, தொடர்ந்து விபத்துகள் ஆனதால 2009-ல் நிறுத்திட்டாங்க. ஆரம்பப் பாடத்துக்கே விமானம் இல்ல. அந்த வேலையும் கிரண் தலையில விழுந்தது. இருக்கிற கிரண் பத்தல. அப்ப சூர்யகிரண் விமானங்களும் பாடம் நடத்தப் போயிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. பத்து, பதினஞ்சு வருஷம் கஷ்டப்பட்டு ஒரு டீமைக் கட்டி, உலகமே பார்க்கிற இடத்துக்குக் கொண்டு வந்துட்டு, "சரி, பசங்களுக்கு கிளாஸ் எடுக்க விமானம் வேணும்"னு நிறுத்துறது. முதல்ல எனக்கு இது சோகமா தெரிஞ்சது. அப்புறம் யோசிச்சேன். விழாவுக்கு விமானம் இல்லைன்னா ஒரு விழாவோட அழகு குறையும். கிளாஸுக்கு விமானம் இல்லைன்னா அடுத்த பேட்ச் பைலட்டே இல்ல. எது முக்கியம்ங்கிறதுல அவங்களுக்குக் குழப்பம் இருந்த மாதிரி தெரியல.

நாலு வருஷம் கழிச்சு, 2015-ல் டீம் திரும்ப வந்தது. இந்தத் தடவை ஹாக் மார்க்-132. அதுவும் பயிற்சி விமானம்தான். நேரா ஒன்பதுல ஆரம்பிக்கல. நாலு, ஆறுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏறித்தான் திரும்ப ஒன்பதுக்கு வந்தாங்க. விமானம் மாறினாலும் பேரு மாறல. கிரண் இல்லாத சூர்யகிரண்.

தரையில நடக்கிற ஷோ

இந்த மாதிரி டீம்கள்ல நாம பார்க்காத இன்னொரு பாகம் இருக்கு. பறந்து முடிச்சுட்டு இறங்கினதும் கை குலுக்கிட்டு டீ குடிக்கப் போயிட மாட்டாங்க. ஒரு ரூமுக்குள்ள உட்காருவாங்க. கீழே இருந்து எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பாங்க. டிபிரீஃப்னு பேரு. ஒவ்வொருத்தரும் தன்னோட தப்பைத் தானே சொல்லணும். "ரெண்டாவது லூப்ல நான் ஒரு மீட்டர் பின்னாடி தங்கிட்டேன்", "திரும்பும்போது நான் லேட்டா கூப்பிட்டேன்" இப்படி. 1946-ல் ஆரம்பிச்ச அமெரிக்கக் கடற்படையோட ப்ளூ ஏஞ்சல்ஸ்ல இருந்து நம்ம டீம் வரைக்கும் இது பொதுவான பழக்கம். லீடரும் சொல்லணும். சொல்லப்போனா லீடர் சொன்னாத்தான் மத்தவங்க சொல்லுவாங்க.

இது நல்ல குணத்துக்காகப் பண்றது இல்ல. கணக்கு அப்படி. நீ மறைச்ச ஒரு மீட்டர், நாளைக்குப் பக்கத்து விமானத்துல இருக்கிறவனோட உயிர். அவன் உன்னைப் பார்த்துத்தான் பறக்கப் போறான். உன் விமானத்தைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ சொன்னதுதான்.

சரி. இப்ப ஸ்க்ரூ.

அந்த நாள்

போன வருஷம் நான் தேர்ட் இயர். ஏரோ கிளப்ல டீம் லீட். ஒரு போட்டிக்காக ஆர்.சி. விமானம் ஒண்ணு செஞ்சோம். பால்சா கட்டையும் கோரோ ஷீட்டும். மூணு மாசம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒர்க்‌ஷாப்ல. கையெல்லாம் ஃபெவிக்விக். எங்களுக்கு அது எட்டாவது செமஸ்டர் பிராஜெக்ட்டை விடப் பெருசு.

ரிமோட் பிடிக்கிற பைலட் எங்க ஜூனியர், செகண்ட் இயர் தம்பி. கோபிப் பக்கம் கிராமம். காசு சேர்த்து செகண்ட் ஹேண்ட்ல சொந்தமா டிரான்ஸ்மிட்டர் வாங்கி வெச்சிருந்தான். அவன் கையில விமானம் சும்மா பாட்டு பாடும்.

போட்டிக்கு நாலு நாள் முன்னாடி கடைசி டெஸ்ட். பறக்கறதுக்கு முன்னாடி பார்க்க எங்ககிட்ட ஒரு செக்லிஸ்ட் உண்டு. பதினெட்டு பாயிண்ட். அதை டிக் பண்ற வேலை என்னோடது. நாலாவது பாயிண்ட்: எலிவேட்டர் ஹார்ன் ஸ்க்ரூ டைட்டா இருக்கான்னு பார்க்கணும். எலிவேட்டர்னா வால்ல மேலயும் கீழயும் அசையற பலகை. ஹார்ன்னா அதை இழுக்கிற கம்பி மாட்டியிருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. ரெண்டு ஸ்க்ரூதான் அதைப் பிடிச்சிருக்கும்.

அன்னிக்கு வெயில், லேட் ஆயிடுச்சு, மத்தியானம் லேப் இருந்தது. நான் விமானத்துக்குப் பக்கத்துல கூடப் போகல. மரத்தடியில உட்கார்ந்துக்கிட்டே பதினெட்டு டிக் போட்டேன்.

விமானம் ஏறினது, ஒரு ரவுண்டு வந்தது, ரெண்டாவது திருப்பத்துல மூக்கு கீழே சாஞ்சது. அவன் தூக்கப் பார்த்தான். தூக்கல. கிரவுண்ட் ஓரத்துல கருவேலங்காட்டுல போய்க் குத்துச்சு.

எல்லாரும் ஓடினோம். வால் பக்கத்தை எடுத்தது நான். ஹார்ன் ஒரு ஸ்க்ரூவுல தொங்கிக்கிட்டு இருந்தது. இன்னொரு ஸ்க்ரூ, கழண்டு, உடைஞ்ச கோரோ ஷீட் மடிப்புல சிக்கி நின்னது. மோதினதுல பிடுங்கினது இல்ல அது. மரை சுத்தமா இருந்தது, தானா சுத்திக் கழண்டிருக்கு. ஒரு நொடிதான். எடுத்து பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

யாரோ சொன்னாங்க: "திருப்பத்துல ஓவரா இழுத்துட்டான்டா, ஸ்டால் ஆயிடுச்சு." எல்லாரும் அவனைப் பார்த்தாங்க. அவன் என்னைப் பார்த்தான். "அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்ங்கண்ணா"ன்னு சொன்னான். நான் "பரவால்ல விடு தம்பி"ன்னு சொன்னேன்.

மக்களே, நான் பண்ணினதுலயே அசிங்கமானது எதுன்னா, செக்லிஸ்ட்ல பொய் டிக் போட்டது இல்ல. ஸ்க்ரூவை மறைச்சது கூட இல்ல. அவனைப் பெருந்தன்மையா மன்னிச்சேன் பாருங்க, அதுதான்.

போட்டிக்குப் போகல. அடுத்த வாரத்துல இருந்து அவன் கிளப்புக்கு வரல. "இன்டர்னல்ஸ் இருக்குங்கண்ணா"ன்னு ஒரு மெசேஜ். அப்புறம் அதுவும் இல்ல.

ஸ்க்ரூவை ஏன் தூக்கிப் போடலன்னு கேட்டா எனக்கு பதில் தெரியாது. தூக்கிப் போட்டா முழுசா மறைச்ச மாதிரி ஆயிடும்னு தோணிச்சோ என்னவோ. மறைச்சுத்தான் வெச்சிருந்தேன், ஆனாலும்.

பேக்கரியில ஒரு டிபிரீஃப்

மெரினாவுல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு. அந்த ரெண்டு மாசமும் சூர்யகிரண் பத்திக் கிடைச்சதெல்லாம் படிச்சேன். கட்டுரை எழுதத்தான் படிக்கிறேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். நம்ம எடிட்டர்கிட்ட "விமான சாகசக் குழுக்களின் வரலாறு"ன்னு தலைப்பு கூடக் கொடுத்துட்டேன். டிபிரீஃப் பத்தி ஒரு பாரா எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் ஆகியும் அந்தப் பாரா வரல. "ஒவ்வொருத்தரும் தன் தப்பைத் தானே சொல்லணும்"னு டைப் பண்ணிட்டு, பக்கத்துல பவுச் இருக்கு, எப்படி அடுத்த வரி வரும்?

டிசம்பர்ல ஒரு சாயங்காலம் அவனுக்கு போன் பண்ணி, காலேஜ் வாசல் பேக்கரிக்கு வரச் சொன்னேன். ரெண்டு டீ, ஒரு தேங்கா பன். ஸ்க்ரூவை டேபிள்ல வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். மரத்தடி, பதினெட்டு டிக், பாக்கெட், எல்லாம்.

அவன் ரொம்ப நேரம் ஸ்க்ரூவையே பார்த்துக்கிட்டு இருந்தான். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். அழுவான்னு கூட நினைச்சேன். அவன் கேட்டது ஒண்ணுதான்:

"அப்ப நான் ஓவரா இழுக்கலைங்களாண்ணா?"

"இல்லடா. நீ சரியாத்தான் பிடிச்சே. உன் கைக்கும் வாலுக்கும் நடுவுல தொடர்பே இல்ல."

"நான் தினம் யோசிச்சுப் பார்ப்பேங்கண்ணா. எந்த இடத்துல இழுத்தேன், எவ்வளவு இழுத்தேன்னு. எனக்கு அப்படி இழுத்த ஞாபகமே வராது. சரி, தப்புப் பண்ணினவனுக்கு ஞாபகம் இருக்காதுபோலன்னு விட்டுட்டேன்."

டிரான்ஸ்மிட்டரை ஆகஸ்ட்லயே வித்துட்டானாம்.

டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன். அவன் டீக்கு அவனே கொடுத்துட்டான். "வர்றேங்கண்ணா"ன்னு எழுந்தவன், ரெண்டு அடி போய்த் திரும்பி வந்து, "அந்த ஸ்க்ரூவை நான் எடுத்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டான். எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அடுத்த கிளப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். சில பேர் இன்னும் என்கிட்ட சரியா பேசறது இல்ல. அது நியாயம்தான். டீம் லீட் பொறுப்பைத் தேர்ட் இயர் பசங்ககிட்ட கொடுத்துட்டேன்.

அவன் திரும்ப வந்தானான்னு கேக்கிறீங்களா? வரல. கூப்பிட்டேன், "பார்க்கலாங்கண்ணா"ன்னான். ஆனா பொங்கல் லீவுல ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணா, ஸ்க்ரூவை டைட் பண்ணினதும் தலை மேல இருந்து ஹார்ன் வரைக்கும் நெயில் பாலீஷ்ல ஒரு கோடு போடச் சொல்லுங்க. ஸ்க்ரூ கொஞ்சம் சுத்தினாலும் கோடு ரெண்டா தெரியும். தூரத்துல இருந்தே பார்க்கலாம். செக்லிஸ்ட்ல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்." பெரிய விமானங்கள்லயும் இதே மாதிரி கோடு போடறது வழக்கம்தான். அதை அவன் எங்க படிச்சான்னு கேக்கல. கேக்கிற உரிமை எனக்கு இருக்கிற மாதிரி தோணல.

இப்ப நம்ம கிளப் விமானத்துல ஒவ்வொரு ஸ்க்ரூவுலயும் சிவப்புக் கோடு இருக்கு. அடுத்த வாரம் டெக் ஃபெஸ்ட்ல ஸ்டாலுக்கு வந்தா பாருங்க. ஏன் நெயில் பாலீஷ்னு யாராவது கேட்டா, ஜூனியர் பசங்க இந்தக் கதையைச் சொல்லுவாங்க. என் பேரோடதான் சொல்லணும்னு சொல்லி வெச்சிருக்கேன். அவன் பேரைப் போடலாமான்னு அவன்கிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டான். அதனால இங்கயும் போடல.

எடிட்டர்கிட்ட ஒரு மன்னிப்பு. நீங்க கேட்டது சாகசக் குழுவோட வரலாறு. கொடுத்தது இது. ஆனா ஒன்பது விமானம் ஐந்து மீட்டர் இடைவெளியில பறக்கிற கதையை, அந்த ரூமுக்குள்ள நடக்கிறதைச் சொல்லாம எனக்குச் சொல்லத் தெரியல.

கடைசியா உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிராஜெக்ட் ரிவ்யூ வருது. எல்லா டீம்லயும் ஒருத்தன், "என்னாலதான் கெட்டுச்சு"ன்னு நினைச்சுக்கிட்டு ஓரமா நிப்பான். நிஜமாவே அவனாலதானான்னு உங்களுக்குத் தெரிஞ்சா, தயவுசெஞ்சு பத்து மாசம் ஆக்காதீங்க.